சர்வேயர் எடுத்த படம்

சௌந்தரநாயகி அம்மாள் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். விழா மலருக்கு அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி ஒன்றிய அலுவலகத்துப் பிள்ளைகள் வீடு தேடி வந்து கேட்டார்கள். "நீங்கதான் சார் அவங்ககூட ரொம்ப நாள் வேலை பார்த்தவங்க" என்றார்கள். வேலை பார்த்தது உண்மை. அந்த நாட்களில் பாதிக்கு மேல் அவரைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன் என்பதும் உண்மை. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை எழுத எனக்குத் தெரியவில்லை. மலரில் போட இஷ்டமில்லையென்றால் தாளைத் திருப்பி அனுப்பிவிடட்டும்.

அவருக்கு நாகப்பட்டினத்துப் பக்கம் கடலோரக் குப்பம். அப்பாவுக்கு ஒரு கட்டுமரம் இருந்தது; அம்மா மீன்கூடை சுமந்தவர். அறுபத்தேழாம் வருஷம், தேர்தல் முடிந்து புது ஆட்சி வந்த சில மாதங்களில், எங்கள் அலுவலகத்துக்கு, ஊர் ஊராகப் போய் மாதர் சங்கம் நடத்துகிற கிராம சேவிகையாக வந்து சேர்ந்தார். வந்த புதிதில் குறுவை எது, சம்பா எது என்று தெரியாது. நாற்றங்காலைக் காட்டி, "இதை ஏன் சார் பிடுங்குறாங்க, நல்லாத்தானே இருக்கு?" என்று என்னிடமே கேட்டார். நான் அதை அலுவலகம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். ஆறே மாதத்தில் எந்த வாய்க்காலில் எப்போது முறை வரும், எந்த வரப்பு வழுக்கும் என்பது வரைக்கும் அவருக்கு அத்துப்படி. நானோ தலைமுறை தலைமுறையாக நஞ்சை வைத்திருக்கிற வீட்டுப்பிள்ளை. என் காலில் சேறு பட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

அவரிடம் ஒரு கேமரா இருந்தது. கப்பலில் வேலை பார்த்த அண்ணன் காயாரோகணம் எங்கோ வாங்கி, அலுத்துப்போய்த் தங்கைக்குக் கொடுத்த கறுப்பு டப்பா. அதில் திருகுவதற்கு ஒன்றும் கிடையாது. வெயில் என்று ஒரு குறி, மேகம் என்று ஒரு குறி, அவ்வளவுதான். மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அதைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவார்.

வந்த வருஷமே ஒருநாள், ஒன்றிய ஆணையர் அந்த அம்மாள் எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டச் சொன்னார். நடவு வயலில் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிற படம். நிமிரும்போது யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பல் தெரியச் சிரிக்கிறாள். ஆணையர் அறைக்குள் வந்தவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு வருஷமாக முத்து முத்தான கையெழுத்தில் சாகுபடிக் கணக்குப் படிவங்களை எழுதி அதே அறையில் வைத்துவிட்டு வந்தவன் நான். அதில் ஒரு தாளையாவது யாராவது நின்று பார்த்ததுண்டா? தினமும் கையெழுத்து வாங்க உள்ளே போவேன். போகும்போதெல்லாம் அந்தப் படம் கண்ணைக் குத்தும். வெயிலும் மேகமும் மட்டும் உள்ள டப்பாவில் இவர் இப்படி எடுத்தால், முறையான கருவிகளோடு நான் இறங்கினால் எப்படி எடுப்பேன் என்ற எண்ணம் அப்போதுதான் பிடித்தது.

முறையாக இறங்குவது என்றால் முதலில் புத்தகம் வாங்குவதுதான் என் வழக்கம். கும்பகோணத்தில் பழைய புத்தகக் கடையொன்றில் இங்கிலீஷில் ஒன்று கிடைத்தது. புதிதாகப் படமெடுக்க வருகிறவனுக்கு இன்றியமையாத சாமான்கள் என்று அதில் ஓர் அத்தியாயம். அதை நாலு தடவை படித்து, ஒன்றும் விடாமல் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு கூத்தாநல்லூருக்கு பஸ் ஏறினேன். அங்கே காதர் மைதீன் என்று எனக்குத் தெரிந்தவர். சிங்கப்பூர் போய் வந்துகொண்டிருந்தார். பட்டியலை வாங்கிப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"சார், கேமரா சரி. மத்ததெல்லாம் எதுக்கு? முதல்ல ரெண்டு ரோல் எடுத்துப் பாருங்க. அதுக்கப்புறம் என்ன இல்லாம கை ஓடலையோ, அத வாங்கிக்கலாம்."

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் எடுக்குறாங்க பாய். அவங்களவிட நல்லா வரணும்."

"அவங்க இதெல்லாம் வச்சிருக்காங்களா?"

"இல்லை. அதனாலதான்."

அவர் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த நடையில் எல்லாம் வந்து சேர்ந்தது. ஒன்றின் தலையில் ஒன்றாக இரண்டு கண்ணாடி வைத்து, மேலேயிருந்து குனிந்து பார்க்கிற கேமரா. தோல் உறை. வெளிச்சம் அளக்கிற கருவி. லென்சுக்கு முன்னால் மாட்டுகிற மஞ்சள் கண்ணாடி. பளிச்சென்று வெட்டுகிற விளக்கு. மூன்று கால் ஸ்டாண்டு. தூரம் சரியாக அளக்க, ஐம்பதடி டேப் ஒன்று. எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் எண்களைக் குறித்துக்கொள்ளச் சிவப்பு அட்டை நோட்டு. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்று காட்டினேன். என் மனைவி கமலாம்பாள் சுற்றி வந்து பார்த்தாள்.

"இவ்வளவு சாமானா? கல்யாணத்துக்குச் சமைக்கவா போறீங்க?" என்றாள்.

இத்தனை இருந்தும் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. இந்த அம்மாள் நமக்குத் தெரியாமல் ஏதாவது வைத்திருக்கிறாரோ? ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.

"படம் எடுக்கப் போறப்ப என்னென்னம்மா கொண்டுபோவீங்க?"

"என்ன சார் பெரிசா... குடை. தொடைக்க ஒரு துண்டு. வயல்ல எறங்கறப்ப செருப்பக் கழட்டிப் பையில போட்டுக்குவேன். அவ்வளவுதான்."

மறைக்கிறார் என்று முடிவு செய்தேன். மதியம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் பையை எடுத்துத் திறந்தே பார்த்துவிட்டேன். எழுதுவதற்கு வெட்கமாக இருந்தாலும் செய்தது செய்ததுதான். குடை இருந்தது, துண்டு இருந்தது, ஒரு சின்ன நோட்டு இருந்தது. ஆகா, இதுதான் என்று பிரித்தேன். எண் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பெண்கள் பெயர், ஊர், தேதி. சில பெயர்களுக்கு எதிரே 'கொடுத்தாச்சு' என்று எழுதியிருந்தது. படம் எடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். இதில் என்ன ரகசியம் இருக்கிறது என்று மூடி வைத்துவிட்டேன்.

எழுபத்தொன்றாம் வருஷம் பங்குனியில் தஞ்சாவூரில் விவசாயக் கண்காட்சி. அறுவடை என்ற தலைப்பில் புகைப்படப் போட்டி அறிவித்திருந்தார்கள். அப்போது தை மாதம். சம்பா முற்றிக் கிடந்தது. நல்லாங்குடி என்ற ஊரில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு வயலை நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். இரண்டு பனைமரம், ஒரு மதகு, பின்னால் கரை. காலையில் முதல் பஸ்ஸில் போய் இறங்கி, அரை மணி நேரத்தில் வரப்பில் ஸ்டாண்டை ஊன்றிவிட்டேன்.

அது எப்படிப்பட்ட காலம் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். பதினைந்து ஏக்கருக்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உச்சவரம்புச் சட்டம் வந்திருந்தது. குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிய வேண்டும் என்று இன்னொரு சட்டம். மிராசுதார்கள் நிலத்தை யார் யார் பெயருக்கோ மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். குத்தகைக்காரர்களை, நீ வெறும் கூலியாள்தான் என்று வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தெருவைப் பார்த்தாலும் கொடி. அளக்க வருகிறான் என்று யாராவது சொன்னால் போதும், ஊர் கூடிவிடும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்து, வரப்பில் மூன்று கால் ஸ்டாண்டை நிறுத்தி, அதன்மேல் ஒரு பெட்டியை வைத்துக் குனிந்து பார்க்கிறான். பிறகு டேப்பை இழுத்துக்கொண்டு போய் அளக்கிறான். திரும்பி வந்து சிவப்பு நோட்டில் எழுதுகிறான்.

வயலில் ஏழெட்டுப் பேர் அறுத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் நடுவில் நின்று அறுத்த கதிரை அரி அரியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு படம் எடுத்தேன். புத்தகத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தது, முதல் படம் வீண் என்று நினைத்துக்கொண்டு எடு என்று.

அப்போது மிராசுதாருக்காகப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் ராசு வேகமாக வந்தார். பின்னாலேயே ஓர் ஆள் நாற்காலியையும் இளநீரையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஐயா ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருந்தா வண்டி அனுப்பியிருப்பமே" என்றார்.

"பரவாயில்லைங்க. பஸ் இருந்தது."

"அளந்தாச்சுங்களா?"

"பாதி அளந்திருக்கேன். சரியா அளக்கணும் பாருங்க. ஓரடி தப்பினாலும் எல்லாம் கெட்டுப்போயிடும்."

அவர் முகம் வாடியது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இந்த வயல மட்டும் எடுக்கறீங்களா? இல்ல, அந்தப் பக்கமும் எடுக்கறீங்களா?"

"கரை வரைக்கும் எடுக்கலாம்னு பார்க்கறேன்."

"முழுசாவா?"

"முழுசா எடுத்தாத்தான் நல்லா இருக்கும்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் என்னைக் கலைஞன் என்று மதித்து நாற்காலி போடுகிறார் என்றுதான் பூரித்துப்போயிருந்தேன். நான் படத்தை எடுப்பதைப் பற்றிச் சொன்னேன். அவர் சர்க்கார் வந்து நிலத்தை எடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்கய்யா. அந்தத் தனபாக்கியம் குத்தகை கித்தகைன்னு ஏதாச்சும் சொன்னா எழுதிக்காதீங்க. நான் ஒழுங்கு பண்ணிட்டுக் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு வயலுக்குள் இறங்கினார். அங்கே சத்தம் கேட்டது. தலைத்துண்டு கட்டிய பெண்ணும் அவளோடு இருந்தவர்களும் கரையேறினார்கள். பண்ணை ஆட்கள் பத்துப் பேர் வெள்ளை வேட்டியோடு அரிவாளை எடுத்துக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். குத்தகைப் பேச்சு என் காதில் ஏறவே இல்லை; படத்துக்காக நல்ல உடுப்பில் ஆளை மாற்றுகிறார் என்று நினைத்தேன். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. வரிசை நேராக, பனைமரம் இரண்டும் இருபுறமும், கரையில் வெயில். எடுத்தேன். எடுக்கும்போதே இது சௌந்தரநாயகி அம்மாளின் படத்தைத் தூக்கி அடித்துவிடும் என்று தெரிந்தது.

சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது தலைத்துண்டுக்காரி வரப்பில் வழிமறித்தாள். கையில் இன்னும் அரிவாள்.

"சார், நான்தான் தனபாக்கியம். அய்யாக்கண்ணு பொண்டாட்டி. அவரு போனப்பறமும் இந்த ஆறு மா நெலத்தையும் நான்தான் குத்தகைக்குச் செய்யறேன். இந்த வெள்ளாமை நான் நட்டது. எம் பேர எழுதிக்கிட்டீங்களா?"

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. நான் சர்வேயர் இல்லையம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பக்கமும் சேர்ந்து என்னை என்ன செய்வார்களோ என்ற பயம். பஸ் வேறு வரும் நேரம்.

"எழுதியாச்சு" என்றேன்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். என் நோட்டில் பதினொன்று, நூற்றிருபத்தைந்து என்று கேமராவுக்கு வைத்த எண்கள்தான் இருந்தன.

போட்டியில் எனக்கு முதல் பரிசு. ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதே போட்டிக்குப் படம் அனுப்பியிருந்த சௌந்தரநாயகி அம்மாளுக்கு ஒன்றும் இல்லை. நாலு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். கேடயத்தையும் படத்தையும் அலுவலகத்தில் என் மேஜைமேல், அவர் வரும் வழியைப் பார்த்து வைத்தேன். அவர் நின்று படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ரொம்பத் தெளிவா வந்திருக்கு சார். மதகுல எழுத்துகூடத் தெரியுது" என்றார். பிறகு, "இது தனபாக்கியம் வயல் மாதிரி இருக்கே" என்றார். நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் தனபாக்கியத்தின் குத்தகைப் பதிவு மனு விசாரணைக்கு வந்தது. பண்ணைத் தரப்பு என் படத்தைத்தான் தூக்கிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாக அவள் அந்த வயலில் காலே வைக்கவில்லை, பண்ணையே நட்டு அறுக்கிறது, பாருங்கள், ஒன்றிய அலுவலக ஊழியர் எடுத்து, கண்காட்சியில் பரிசு வாங்கிய படம் என்று. விஷயம் தெரிந்ததும் சௌந்தரநாயகி அம்மாள் என் மேஜைக்கு வந்தார்.

"சார், அன்னிக்கு அவங்கள வெச்சு வேற ஏதாவது எடுத்தீங்களா? அறுத்துக்கிட்டிருந்தப்ப ஒருத்தர் எடுத்தார்னு தனபாக்கியம் சொல்றாங்க."

"இல்லை" என்றேன்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பரிசுப் படம் பொய் என்று ஆகிவிடும். கேடயம் போய்விடும். அவர் மறுபடியும் மேலே போய்விடுவார். ஒருத்தியின் ஆறு மா நிலத்தையும் என் கேடயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கேடயத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாள் தன்னிடமிருந்த படங்களை எடுத்துக்கொண்டு விசாரணைக்கு அவரே போகிறார் என்று கேள்விப்பட்டேன். நல்லாங்குடியில், சேவிகாம்மா படம்தான் காப்பாற்றப் போகிறது என்று பேசிக்கொண்டார்களாம். அதைக் கேட்டதும் இருப்புக் கொள்ளவில்லை. நானும் லீவு போட்டுவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வழக்கம்போல எல்லா சாமானும் தோளில் இருந்தது. நெகட்டிவ் உறையும் அந்தப் பையில்தான்.

சௌந்தரநாயகி அம்மாள் மூன்று சின்னப் படங்களை விசாரணை அதிகாரியிடம் கொடுத்தார். பின்னால் பெயரும் தேதியும் எழுதியிருக்கிறது என்றார். பண்ணை வக்கீல் வாங்கிப் பார்த்தார்.

"முகம் நல்லாத் தெரியுது. ஆனா எந்த வயல்ங்க இது? பின்னாடி பயிர் இருக்கு. மன்னார்குடியிலேருந்து இங்க வரைக்கும் எல்லா இடத்துலயும் பயிர்தான் இருக்கு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? நாலு வருஷமாக நான் சொல்ல நினைத்ததை ஒரு வக்கீல் சபையில் சொல்லிவிட்டார் என்று இருந்தது. அந்த நேரத்தில் தனபாக்கியம் திரும்பினாள். என்னைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் மலர்ந்தது.

"அதோ சர்வேயர் சார் வந்திருக்காரு! அன்னிக்கு வயல்லயே எம் பேர எழுதிக்கிட்டாருங்க. நோட்டுல இருக்கும், அவரக் கேளுங்க" என்றாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். காரியக்காரர் ராசு பார்த்தார். சௌந்தரநாயகி அம்மாள் மட்டும் பார்க்கவில்லை. தன் மூன்று படங்களையும் துண்டில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போனேன். நான் சர்வேயர் இல்லை, குமாஸ்தா என்றேன். பெயரை எழுதவில்லை, பொய் சொன்னேன் என்றேன். நெகட்டிவை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டினேன். ஒரே துண்டில் அடுத்தடுத்து ஒன்றாம் எண், இரண்டாம் எண். இரண்டிலும் அதே மதகு, அதே பனைமரம், தரையில் நான் சுருட்ட மறந்த டேப். ஒன்றில் தனபாக்கியமும் அவள் ஆட்களும் அறுக்கிறார்கள். அடுத்ததில் பண்ணை ஆட்கள். இடையில் காரியக்காரர் என்னிடம் என்ன சொன்னார் என்பதையும் சொன்னேன். மனசாட்சி உறுத்தியது, சொன்னேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். உறுத்தியதும் உண்மைதான். ஆனால் அந்த நெகட்டிவை நீட்டும்போதுகூட, உன் டப்பாவால் முடியாததை என் கேமரா செய்கிறது பார் என்று அந்த அம்மாள் பக்கம்தான் என் கண் போயிற்று. அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

தனபாக்கியத்தின் பெயர் பதிவாயிற்று. கேடயத்தை நான் தஞ்சாவூருக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்குப் பதிலாக எனக்கு வேறொன்று கிடைக்கும் என்று நினைத்தேன். அந்த ஒன்றாம் எண் படத்தைக் கும்பகோணத்தில் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆவணியில் ஒருநாள் நல்லாங்குடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஆணையர் அறையில் அவர் படம் தொங்குகிறதா, இருக்கட்டும். நிலத்தைக் காப்பாற்றிய படம் அந்த நிலத்துக்காரி வீட்டில் தொங்கும்.

"வாங்க சர்வேயர் சார்" என்று தனபாக்கியம் பாயை விரித்தாள். படத்தைக் கையில் வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"மதகு இருக்கு. பனைமரம் இருக்கு. எல்லாம் எப்படித் தெரியுது!" என்றாள். மேலும் கொஞ்ச நேரம் தேடினாள். "நான் எங்க சார் இருக்கேன்?"

விரலால் தொட்டுக் காட்டினேன். என் விரல் நுனியில் அவளும் அரிக்கட்டும் சேர்ந்து மறைந்துபோனார்கள்.

"ஓ, இதுவா" என்று சிரித்தாள். "பத்திரமா இருக்கட்டும் சார்" என்று தகரப் பெட்டியைத் திறந்து, குத்தகைப் பதிவு நகலோடு சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டினாள்.

அவள் நகர்ந்த பிறகுதான் பெட்டிக்கு மேலே சுவரைப் பார்த்தேன். நடவு வயலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, பல் தெரியச் சிரிக்கிற அதே படம், சின்னதாக, ஓர் ஆணியில் மாட்டியிருந்தது. நாலு வருஷமாகத் தினமும் ஆணையர் அறையில் அதைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். வரப்பில் வழிமறித்து என்னைக் கும்பிட்டவளின் முகம்தான் அது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சுவரில் இன்னோர் ஆணி அடிக்க இடம் இருந்தது. அவள் அடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.